செத்த இடத்தில் ஒரு சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

கத்தாதே, எழுது என்று தமயந்தி சொன்னதால் இதை எழுதுகிறேன். எனக்கு ரத்தக் கொதிப்பாம். கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் நோட்டைத் திறக்க வேண்டுமாம். ஓசூரிலிருந்து வந்த மகாராணி இந்த டைரியையும் தன் பழைய செல்போனையும் என் கையில் திணித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். பெற்ற பெண் டாக்டர் மாதிரி பேசுகிறாள். டாக்டர்தான் பெற்ற பிள்ளை மாதிரி பேசுகிறார்.

இன்றைய கோபம் இது. என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு வருகிற பதினெட்டாம் தேதி நெஞ்சில் ஆபரேஷன். வால்வு மாற்ற வேண்டும். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அதிகம் அலையக் கூடாது என்றார், அதை மட்டும் எழுதிவைக்கிறேன். இந்த மனுஷர் காலையில் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்: "பூங்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி நான் செத்த எடத்துக்கெல்லாம் ஒரு தபா போய்ட்டு வந்துடணும்."

அவர் சினிமாவில் துணை நடிகர். முப்பது வருஷத்துக்கு மேல். பார்த்த வேலை, சாவது. குத்துப்பட்டு, சுடப்பட்டு, லாரியில் அடிபட்டு, கடலில் மிதந்து. மூச்சை அடக்கிக்கொண்டு வயிறு அசையாமல் கிடப்பார் என்பதால் "பொண ஏகாம்பரம்" என்று பேர். கோடம்பாக்கத்தில் அப்படிச் சொன்னால்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருத்தன் என் வாசலிலேயே நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். விளக்குமாற்றோடு போனேன். பத்திரிகையைப் படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

சினிமாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்த பிறகுதான் விடுவார்கள். இல்லையென்றால் நடித்த சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளுமாம். பெரிய நடிகர் என்றால் சூடம் சுற்றி, சிரிக்கவைத்து, காரில் ஏற்றி அனுப்புவார்கள். துணை நடிகனுக்கு யார் ஃபிலிம் ஓட்டுவார்கள்? "எழுந்து போய்யா, அடுத்த ஷாட்டு" என்பார்கள். இத்தனை சாவில் இவருக்கு ஒரு சிரிப்புகூட எடுக்கவில்லை.

"அத்தினியும் தீராம நெஞ்சுல ஒக்காந்துகினு கீது பூங்கா. அதான் வால்வு போச்சு."

"வால்வு போனது பீடியால."

"இப்ப ஃபிலிம் வேணாம். உங்கிட்ட போன் கீது. நான் சிரிக்கிறேன், நீ எடு. அப்புறம் நிம்மதியா போய்ப் படுத்துக்குவேன்."

சினிமாவை விட்டு வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. திரும்பவும் அங்கேயே போகிறேன் என்கிறார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

ஜூன் 5, வியாழன்

போனோம். போகாமல் இருந்தால் தனியாகப் போவார். வேறு காரணம் இல்லை.

முதல் இடம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் ஒன்று. அங்கே எடுத்த சண்டைப் படம் ஊரெல்லாம் ஓடியது. படத்தின் பேரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அங்கே ஒரே கூட்டம். சினிமா எடுத்த இடங்களைச் சுற்றிக் காட்ட வேன் விடுகிறார்களாம். மலேசியாவிலிருந்து வந்தவர்கள் ஒரு வேன் நிறைய இறங்கினார்கள். ஒரு பையன் கையில் மைக்கோடு, "இந்தப் படிக்கட்டுலதான் ஹீரோ தனி ஆளா எல்லாரையும் அடிச்சுப் போடுவாரு" என்று கத்தினான். இவர் முன்னால் போய், "அதுல கடைசியா வுழுந்தவன் நான்தான் தம்பி. தோ, இந்தப் படியில, தலைகீழா" என்றார். முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்.

"அப்படியா, சூப்பர் அங்கிள். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? இவங்க போட்டோ எடுக்கணும்."

தள்ளிக்கொண்டார். ஒரு பெண் ஹீரோ மாதிரி காலைத் தூக்கி நின்றாள். பிறகு இன்னொரு பெண். "அங்கிள், இன்னும் ஃப்ரேம்ல வர்றீங்க" என்றாள். இன்னும் தள்ளிக்கொண்டார், தூண் வரைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளம் கொடுத்தவன் தள்ளி நில் என்றான், சரி. இவள் யார்? இந்த மனுஷரும் ஏன் நிற்கிறார்?

வேன் போன பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். முதலில் பிணமாகப் படுத்துக்கொண்டு "கேமரா" என்பாராம். அப்போது போன் ஓட ஆரம்பிக்க வேண்டும். பிறகு "ஆக்ஷன்" என்பார். எழுந்து சிரிப்பார். கடைசியில் "கட்". தமயந்தி ஏற்கெனவே காட்டிக்கொடுத்திருக்கிறாள், வீடியோவுக்கு சிவப்புப் பொட்டை அமுக்க வேண்டும். இதில் என்ன கம்ப சூத்திரம்? படியில் படுத்தார். "கேமரா" என்றார், அமுக்கினேன். "ஆக்ஷன்" என்றார், அமுக்கினேன். "கட்" என்றார், அமுக்கினேன். வெயிலில் போனில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியும் கொண்டுபோகவில்லை. போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவரைத்தான் பார்த்தேன்.

ஒரு சண்டைக் காட்சியில் இவருக்கு முன்பல் போய்விட்டது. அதிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். இன்றைக்கு ஓட்டைப் பல் தெரியச் சிரித்தார். பல் போனதற்கு அப்புறம் இவர் வாய் திறந்து சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

"இப்பவே போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"சீ சீ. முழுப் படமும் எடுத்து, பூசணிக்கா ஒடச்சப்புறம்தான் பாக்கணும். இல்லன்னா விளங்காது."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, இறங்கும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

தண்ணி லாரி வரவில்லை. மாவு அரைக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் பையிலிருந்து எடுத்தபோது போன் இட்லித் தட்டு மாதிரி சுட்டது. சார்ஜும் சுத்தமாக இல்லை. சும்மா கிடந்த போனுக்கு என்ன கேடு? தமயந்தி தன் வீட்டு ஓட்டை உடைசலையெல்லாம் என் தலையில் கட்டுகிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

ஆழ்வார்பேட்டையில் ஒரு பங்களா. அங்கே எடுத்த குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு அழாத பெண்பிள்ளை இல்லை என்பார்கள். நான் அழவில்லை. இப்போது பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பழைய கேட் தூண் மட்டும் நிற்கிறது. வருகிறவர்கள் அந்தத் தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கதாநாயகி சாய்ந்து நின்று பாடினாளாம்.

இவர் அந்தப் படத்தில் வாட்ச்மேன். திருடர்கள் வந்து குத்திப்போட்டார்கள். நிஜ வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"தம்பி, நானும் இந்த வூட்டுக்கு வாட்ச்மேனா இருந்தவன்தான்."

"எப்ப?"

"பங்களாவா இருந்தப்ப. உள்ளதான் என்னிய குத்திக் கொன்னாங்க. அந்த எடத்த ஒருதபா பாத்துட்டுப் போயிடறேன்."

அந்த ஆள் இரண்டடி பின்னால் போனான். "காலங்காத்தால வந்து பயமுறுத்தாத பெருசு. கெளம்பு" என்றான். பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதினால் இந்த டைரி நாறும். ஐந்து நிமிஷம் விட்டான்.

படத்தில் அவரைக் குத்திப்போட்ட கூடம் இப்போது கார் நிறுத்துகிற இடம். இரண்டு காருக்கு நடுவே சிமென்ட் தரையில் படுத்தார். மூன்று தடவை அமுக்கினேன். எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வெளியே டீக்கடையில் சொன்னார். அதே கூடத்தில் அதே நாளில் ஹீரோவின் அப்பாவும் செத்தாராம். அவருக்குச் சூடம் ஏற்றி, சிரிக்கச் சொல்லி, யூனிட்டே கைதட்டியதாம். இவர் இந்தப் பக்கம் ரத்தச் சாயத்தோடு காத்திருந்தாராம், ஓடுகிற ஃபிலிமில் நமக்கும் ஒரு வாய் கிடைக்கும் என்று.

"நானும் எழுந்து கேமராவப் பாத்து சிரிச்சேன் பூங்கா. அப்புறம்தான் கவனிச்சேன், லென்ஸுக்கு மூடி போட்டாங்க. நான் மூடியப் பாத்து சிரிச்சிகினு இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த யூனிட்டையே வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போல இருந்தது. ஒரு மூடி. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் ஏமாற்றியிருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. அதற்கும் மனசு வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழை. எங்கேயும் போகவில்லை. மழையால்தான்.

ஜூன் 12, வியாழன்

காசிமேடு. இங்கே கடலில் மிதந்து கரை ஒதுங்கிய பிணம். படகுத்துறையில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, எந்தப் படத்திலோ வந்த மாதிரி படகில் ஏறி நின்று கையை விரித்துக்கொண்டிருந்தது. இவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். "கேமரா" என்று சொல்லிவிட்டு அப்படியே கிடந்தார்.

மீன் கூடையோடு வந்த அம்மா ஒருத்தி, "ஐயோ, பெரியவரு வுழுந்துட்டாரு!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முகத்தில் தண்ணீரை அடித்தாள். இவர் இமைக்கவில்லை. தொழில் பக்தி! பிறகு "ஆக்ஷன்" என்று எழுந்து ஈயென்று சிரித்ததும் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "கட்டைல போறவனே, எனக்கு உசுரே போச்சு" என்றாள். நானும் சேர்ந்து நாலு திட்டினேன். அவளிடமே அரைக்கிலோ மத்தி வாங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"பூங்கா, நெஜமா போறப்ப மூஞ்சி எப்பிடி இருக்கும்?"

மத்திப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"எங்கப்பா போனப்பகூட நான் ஷூட்டிங்ல இருந்தேன், பாக்கல. எல்லாம் ஒரு குத்துமதிப்பா செஞ்சதுதான். சரியா தப்பான்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"வாய மூடுங்க. மத்தி வறுக்கவா, கொழம்பு வைக்கவா, அத சொல்லுங்க."

"வறு."

அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். தமயந்திக்கு அப்போது ஐந்து வயசு. திரையில் அப்பா குத்துப்பட்டு விழுந்ததும் நாற்காலி மேல் ஏறி நின்று "அப்பா!" என்று வீறிட்டாள். தியேட்டரே சிரித்தது. விசிலடித்தார்கள். குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்தவள்தான், அதற்கப்புறம் நான் தியேட்டர் வாசல் மிதிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி இவர் வந்து ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா செத்தேனா?" என்று கேட்டார். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

மத்தி வறுக்கவில்லை. எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குழம்புதான் வைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூன் 14, சனி

மெரினா. கடைசி இடம். கலவரக் காட்சியில் நூறு பேரோடு நூற்றொன்றாகச் செத்தாராம். எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. மணலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தோ, இங்கன்னு வச்சுக்குவோம்" என்று படுத்தார். காலில் மணல் சுட்டது. நான் குடையைப் பிடித்தபடி மூன்று தடவை அமுக்கினேன். எழுந்து சிரித்தபோது உதடு நீலமாக இருந்தது.

"கட்" என்றார். பிறகு, "படம் முடிஞ்சுது பூங்கா" என்றார்.

வீட்டு வாசலில் பூசணிக்காயை உடைத்தோம். எதிர்வீட்டுக்காரி பைக் வழுக்கும் என்று கூச்சலிட்டாள். நானே ஒரு துண்டு விடாமல் பொறுக்கிப் போட்டேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் போய் மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். கொசு இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. தமயந்தி நாளைக்கு வருகிறாள்.

மத்தியானம் அவரை ஏதோ ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் நான் பார்ப்போம், நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு காட்டலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தேன்.

சிரிப்பு இல்லை. ஒன்றில்கூட இல்லை.

எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தேன். ஸ்டேஷன் படியில் பிணமாகக் கிடக்கிறார். "ஆக்ஷன்" என்று உதடு அசைந்ததும் படம் நின்றுவிடுகிறது. அடுத்த படம் "கட்" என்பதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. என் புடவை, பையின் வாய், பிறகு ஒரே இருட்டு. இருட்டில் என் குரல். "அறிவு இருக்குதா உங்களுக்கு, இந்த வயசுல படியில படுக்கறீங்களே, நடங்க, சீக்கிரம் நடங்க." மணிக்கணக்காக என் குரல்தான். நடுநடுவே அவர் இருமுகிறார். ஆழ்வார்பேட்டையும் அப்படி. காசிமேடும் அப்படி. மெரினாவும் அப்படி.

நர்ஸ் ஒரு சின்னப் பெண். அவளிடம் காட்டினேன். "ஒருதடவை அமுக்கினா ஓடும், இன்னொருதடவை அமுக்கினா நின்னுடும் பாட்டி" என்றாள். அவ்வளவுதான். நடுவில் அமுக்கியிருக்கக் கூடாது. அவர் மூன்று சொல் சொன்னார், நான் மூன்று அமுக்கு அமுக்கினேன். யூனிட்காரன் மூடி போட்டான் என்று அவ்வளவு பேசினேனே, நான் செய்தது என்ன? அவர் செத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, சிரித்தபோதெல்லாம் மூடியிருக்கிறேன்.

ஸ்கேனிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு, "இங்க ஒருதபா சிரிங்களேன், சும்மா" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த எடத்துலதான் சிரிக்கணும். நான் இங்கயா செத்தேன்? பைத்தியமா நீ? போன உள்ள வை."

உள்ளே வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

"எங்க, படத்தப் போடு" என்றார். போனில் சார்ஜ் இல்லை என்றேன். தமயந்தி, "என்கிட்ட சார்ஜர் இருக்கும்மா" என்று பையில் கையை விட்டாள். நான் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டாள். என்ன விஷயம் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

"சிரிப்பு நல்லா வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

"எல்லா எடத்துலயும்?"

"எல்லா எடத்துலயும்."

"ஓட்டப் பல்லு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. காசிமேட்டுலதான் ரொம்ப நல்லா இருக்குது" என்றேன்.

"நெனச்சேன். அந்தம்மா அடிச்ச அடில வந்த சிரிப்பு அது" என்று கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப சரி. இனிமே ஒண்ணும் ஆவாது."

முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், ஏசியிருக்கிறேன், மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். பொய் சொன்னதில்லை. வாய் கூசாமல் வந்தது.

ஜூன் 18, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள்.

ஜூன் 19, வியாழன்

கண் திறக்கவில்லை. பால்காரருக்குப் போன் செய்து இரண்டு நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொன்னேன்.

ஜூன் 25, புதன்

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். இன்றைக்குத்தான் பேனாவை எடுக்கிறேன்.

போஸ்டர் அடிக்கிற பையன், "சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க ஆயா, கண்ணீர் அஞ்சலிக்கு அதான் நல்லாருக்கும்" என்று கேட்டான். வீட்டில் இருக்கிற போட்டோ எல்லாம் ஷூட்டிங்கில் யாரோ எடுத்துக்கொடுத்தது. எல்லாவற்றிலும் பிணம். ஆதார் கார்டில் இருந்ததை எடுத்துப் போட்டார்கள். பார்த்தவர்களெல்லாம் அடையாளமே தெரியவில்லை என்றார்கள்.

மத்தியை வறுத்திருக்கலாம். ஒரு நாள் எண்ணெயில் என்ன ஆகியிருக்கும்?

ஜூலை 6, ஞாயிறு

காரியம் முடிந்தது. தமயந்தி கிளம்புவதற்கு முன்னால், "அம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன பண்ணிட்டிருந்த? சொல்லு" என்று கேட்டாள். சொல்லவில்லை. டைரியில் எழுது என்று அவள்தானே சொன்னாள், எழுதுகிறேன்.

திரையை இழுத்துவிட்டு நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். தமயந்தி அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் ஓடவில்லை. எத்தனை தடவை செத்துவிட்டு வந்து காபி கேட்டிருக்கிறார்! போனை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். "கேமரா" என்று நானே சொன்னேன். ஒரே ஒரு தடவை அமுக்கினேன். ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன், சிவப்புப் புள்ளி மின்னியது.

"போட்டோலாம் எடுக்கக் கூடாதும்மா" என்று நர்ஸ் சொன்னாள்.

"போட்டோ இல்லம்மா. செத்த எடத்துல சிரிக்கணும். ஒரு நிமிஷம் இரு."

அவள் என்ன நினைத்தாளோ, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தமயந்தி பஸ் ஏறிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஸ்டேஷன், ஆழ்வார்பேட்டை, காசிமேடு, மெரினா. கடைசியில் அது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே நெற்றி, அதே வாய், பக்கவாட்டில் அதே மாதிரி சாய்ந்த தலை. ஒரு வித்தியாசமும் இல்லை. நல்லாத்தான் செத்திருக்கீங்க. யாரும் சொன்னதில்லை என்றீர்களே, நான் சொல்கிறேன்.

கடைசிப் படத்தில் மட்டும் சத்தம் தெளிவாக விழுந்திருக்கிறது. நான் "ஆக்ஷன்" என்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொல்கிறேன்.